ஒன்பதாம் எண் மாமியார்

நாற்பத்தொரு மணி நேரம், இருபது நிமிடம். ஒன்பதாம் எண் கேஸோடு மருமகள் செலவழித்திருந்த நேரம் அது. நான் எண்ணவில்லை. சிமுலேட்டர் எண்ணுகிறது. யார் வந்தார்கள், எந்த கேஸை எடுத்தார்கள், எந்தக் கை எவ்வளவு தூரம் நகர்ந்தது, எந்த நொடியில் எதைத் தவறாக வெட்டினார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அதைக் காலையில் ஓடவிட்டு மாலையில் அணைப்பது என் வேலை.

மருமகள் என்பது பட்டப்பெயர். அவர் அறுவைச் சிகிச்சைப் பயிற்சியில் மூன்றாம் ஆண்டு டாக்டர். அவருடைய வகுப்புத் தோழர் ஒருவர் வாயே மூட மாட்டார். அதனால் அவருக்குக் கமெண்டரி என்று பெயர். ஒன்பதாம் எண்ணுக்குப் பெயர் வைத்தவர் அவர்தான். "தொட்டாலும் குத்தம், தொடாட்டியும் குத்தம். இது கேஸ் இல்லடா, மாமியார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த மாமியாரோடு அதிக நேரம் மல்லுக்கட்டியவர் மருமகள் ஆனார்.

எனக்கும் ஒரு பெயர் உண்டு. ரீசெட். "ரீசெட் பண்ணட்டுமா?" என்பதுதான் அந்த அறையில் நான் பேசும் வாக்கியம். சில நாட்களில் நான் பேசும் ஒரே வாக்கியமும் அதுதான்.

அறைக்கு ஜன்னல் கிடையாது. நடுவில் இடுப்பு உயர மேசை. அதிலிருந்து இரண்டு கைப்பிடிகள் நீட்டிக்கொண்டிருக்கும். எதிரே திரை, கீழே இரண்டு மிதிகள். கைப்பிடியை நகர்த்தினால் திரையில், வயிற்றுக்குள்ளே, இடுக்கி நகரும். ஈரலில் இடித்தால் கைப்பிடி திருப்பித் தள்ளும். முதல் முறை வருகிறவர்கள் எல்லாரும் அந்தத் தள்ளலில் ஒரு கணம் கையை எடுத்துவிடுவார்கள்.

ஒன்பதாம் எண் பித்தப்பையை எடுக்கும் அறுவை. வயிற்றில் நான்கு சிறு துளைகள், ஒன்றில் கேமரா. பித்தப்பைக்குப் பித்தம் போகவர ஒரு குழாய், ரத்தம் வர ஒரு குழாய். இரண்டிலும் கிளிப் போட்டு வெட்டினால் பை ஈரலிலிருந்து உரிந்து வந்துவிடும். பெரும்பாலானவர்களுக்கு அவ்வளவுதான். ஒன்பதாம் எண்ணில் அவ்வளவு இல்லை. ஈரலுக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய் தன் வழியில் போகாமல், பித்தப்பையின் கழுத்துவரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். கம்பளிப்பூச்சி முதுகைத் தூக்குவது போல ஒரு வளைவு. டாக்டர்களும் அதைக் கம்பளிப்பூச்சி என்றுதான் சொல்கிறார்கள். பித்தப்பைக்கு வர வேண்டிய சிறு குழாய் அந்த முதுகிலிருந்து குட்டையாகக் கிளம்பும். கூட்டத்தில் பெரியவளைப் பார்த்துச் சின்னவள் என்று நினைத்துக் கையைப் பிடிப்பது போல, எல்லாரும் பெரிய குழாயில் கிளிப் போட்டுவிடுவார்கள். உடனே ஈரலின் வலப்பக்கம் நிறம் மங்கும். திரையைச் சுற்றிச் சிவப்புச் சட்டம் வரும்.

"ரீசெட் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க" என்பார் மருமகள். வேறு யாராக இருந்தாலும் எழுந்து டீ குடிக்கப் போயிருப்பார்கள். அவர் போக மாட்டார். அவருக்கு ஒரு பழக்கமும் உண்டு. கேஸோடு பேசுவார். மெல்லிய குரலில், மரியாதையாக. "அத்தை, கொஞ்சம் தள்ளுங்க. அத்தை, கோவிச்சுக்காதீங்க, இதோ எடுத்துடறேன்."

"அத்தைக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்துட்டு ஆரம்பி" என்பார் கமெண்டரி.

"நீ போட்ட கிளிப்புக்கு அத்தை உன்னை வீட்டை விட்டே துரத்திட்டாங்க. நீ பேசாத."

நான் குனிந்து விசைப்பலகையைப் பார்த்துக்கொள்வேன். சிரிப்பை மறைக்க வேறு இடம் இல்லை. அவர்கள் திட்டிக்கொண்டும் கெஞ்சிக்கொண்டும் இருந்த அந்த ஒன்பதாம் எண் என் அம்மா. அது சீஃபுக்குத் தெரியும். எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியும்.

ஆறு வாரம் முன்னால் அம்மாவுக்கு வலி வந்தது. பித்தப்பையில் கல், சுற்றிலும் வீக்கம். மருந்து கொடுத்து வலியை அடக்கிவிட்டு, வீக்கம் வடிய ஆறு வாரம் பொறுக்கலாம் என்றார் சீஃப். எங்கள் அறுவைச் சிகிச்சைத் துறையின் தலைவர் அவர். அதிகம் பேசாத அம்மாள். ஸ்கேனை வெளிச்சத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார்.

"உங்க வயித்துக்குள்ள ஒரு விசேஷம் இருக்கும்மா. நூறு பேர்ல சில பேருக்குத்தான் இருக்கும். தெரியாம கை வெச்சா விபரீதம். இதை எங்க மெஷின்ல போட்டுக்கிட்டா பசங்க பழகிக்குவாங்க. உங்க பேர் எங்கயும் வராது. உங்களுக்கு இஷ்டமா?"

அம்மா ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் கார் ஓட்டக் கற்றுத் தருகிறவள். அந்த காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. இருபத்து மூன்று வருடமாக அந்த இருக்கையில்தான் அவள் பிழைப்பு. அவள் கத்துவதில்லை. பக்கத்தில் இருப்பவர் லாரியை நோக்கிப் போனாலும் "எங்க போறோம்?" என்றுதான் கேட்பாள்.

"எல் போர்டு பசங்க ஓட்டிப் பழகணும், அவ்வளவுதானே?" என்றாள் சீஃபிடம். "தாராளமா ஓட்டட்டும்."

வெளியே வந்ததும் சீஃப் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "யாரோட ஸ்கேன்னு ஒருத்தருக்கும் தெரியக் கூடாது. அது அவங்களா சொன்னா சொல்லலாம், நாம சொல்லக் கூடாது. உன் முகமும் சொல்லக் கூடாது."

என் முகம் எதையும் சொல்லாது. வாயே சொல்லாதே.

ஸ்கேன் என்றால் கருப்பு வெள்ளைத் துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று ஓரம் வரைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உருவம் எழும். இரண்டு வாரம் வரைந்தேன். அம்மாவின் ஈரலுக்கு நிறம் கொடுக்க வேண்டிய நாளில் வெகு நேரம் யோசித்தேன். கடைசியில் கொஞ்சம் அழகாகவே கொடுத்தேன்.

அதன் பிறகு நான்கு வாரம், அம்மாவின் வயிற்றுக்குள் ஊரில் உள்ள பயிற்சி டாக்டர்கள் எல்லாம் போய் வந்தார்கள். பலர் தோற்றார்கள். "மாமியார் இன்னைக்கு நாலு பேரை முழுங்கியாச்சு" என்று கமெண்டரி வராந்தாவில் அறிவிப்பார். நியாயமாகப் பார்த்தால் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பெருமையாக இருந்தது. முதுகலைப் படிப்பும் தங்கப் பதக்கமும் வைத்திருப்பவர்களை என் அம்மாவின் ஒரு வளைவு உட்கார வைத்திருந்தது.

வீட்டுக்குப் போனால் அம்மா கேட்பாள். "இன்னைக்கு எத்தனை பேர் ஃபெயில்?"

"நாலு."

"எந்த எடத்துல?"

"அதே வளைவுலதான்."

"வளைவுல ஸ்பீடைக் குறைக்கணும்னு ஒருத்தனுக்கும் தெரியாது போல." முகமெல்லாம் திருப்தியாக இருக்கும்.

பட்டப்பெயரை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை. மாமியார் என்ற வார்த்தையைக் கேட்டாலே அம்மா முகம் சுருங்கும். பதினெட்டு வருடம் ஒரு மாமியாரோடு ஒரே அடுப்படியில் நின்றவள். "எனக்கு ஆம்பளப் புள்ள இல்லாதது நல்லதாப் போச்சு. நான் யாருக்கும் மாமியார் ஆக வேண்டாம்" என்று அடிக்கடி சொல்வாள். நான் கல்யாணம் செய்துகொண்டால் ஒருவனுக்கு மாமியார் ஆவாள் என்று சித்தி எடுத்துச் சொன்னபோது, "அது வேற கணக்கு" என்றுவிட்டாள்.

அறுவைக்கு இரண்டு நாள் முன்னால் சீஃப் சிமுலேட்டர் அறைக்கு வந்தார். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து வந்திருந்தார்.

"இந்த கேஸை யாருக்குக் கொடுக்கலாம்னு பாக்கறேன். நான் பக்கத்துல நிப்பேன். கத்தி அவங்க கையில." நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "மருமகளோட பதிவைக் காட்டு."

அவருக்கும் பட்டப்பெயர் தெரிந்திருந்தது.

காட்டினேன். ஒரு முறைக்கு ஒரு கோடு. முதல் பதினைந்து முறையில் பாதிக்குமேல் சிவப்பு. பிறகு குறைந்துகொண்டே வருகிறது. கடைசி இருபதில் ஒன்றுதான் சிவப்பு.

"இந்த ஒண்ணு?"

"பக்கத்துல கமெண்டரி ஜோக் அடிச்சாரு டாக்டர்."

"என் தியேட்டர்ல ஜோக் கிடையாது." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "மெஷினைப் பாக்கறவளா நீ என்ன சொல்ற?"

"விடலாம்."

"அவங்க பொண்ணா என்ன சொல்ற?"

நீங்களே செய்துவிடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் மறுத்திருக்க மாட்டார். என்னை யாரும் தப்பாக நினைத்திருக்கவும் மாட்டார்கள். திரையில் அந்த இருபது கோடுகள் இருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது விழுந்த கோடுகள்.

"பிரேக் உங்க கிட்டயும் ஒண்ணு இருக்குமா டாக்டர்?"

அவருக்குப் புரியவில்லை. அம்மாவின் காரைப் பற்றிச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியதே இல்லை. கேட்டுவிட்டு எழுந்தார்.

"இருக்கும். முடியற வரைக்கும் என் கை உள்ளயேதான் இருக்கும்."

"அப்ப பொண்ணாவும் விடலாம்" என்றேன்.

அன்று மாலை அம்மாவிடம் சொன்னேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணி நேரம் ஓட்டியிருக்கு அந்தப் பொண்ணு?"

"நாப்பத்தொண்ணு."

"நான் இருபதுல லைசென்ஸ் எடுக்க அனுப்பிடறேன்."

"அம்மா, அது கார்."

"கார் மோதினா எதிர்ல வர்றவனும் சேந்து போவான். இது நான் ஒருத்திதானேடி." என் முகத்தைப் பார்த்துவிட்டு மடிப்பதை நிறுத்தினாள். "கை எப்படி?"

"மெதுவாத்தான் போகும். ஆனா ஒவ்வொரு தடவையும் ரெண்டு பக்கமும் திருப்பிப் பாத்துட்டுத்தான் கிளிப்பையே எடுப்பாங்க."

"கண்ணாடியைப் பாத்து ஓட்டறவ. அப்படிச் சொல்லு முதல்ல." அடுத்த துணியை எடுத்தாள். பேச்சு முடிந்தது.

மறுநாள் அம்மாவை வார்டில் சேர்த்ததும் மருமகள் போய் அவளைப் பார்த்தார். நான் அப்போது அங்கே இல்லை. அம்மாதான் சொன்னாள். "நான் இன்னும் படிச்சுட்டு இருக்கறவ, நான் பண்றதுல உங்களுக்குச் சம்மதமான்னு அதுவே கேட்டுச்சு. மறைக்கல. எனக்குப் பிடிச்சிருச்சு." அன்று பிற்பகல் சிமுலேட்டர் அறையில் மருமகள் கமெண்டரியிடம் ஸ்கேன் அறிக்கையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். "அதே மாதிரி வளைவு இருக்காம். நம்ம அத்தைக்கு ஒரு தங்கச்சி இருக்காங்க போல." கருப்பு வெள்ளைத் துண்டுகளைப் பார்த்து உருவத்தை அடையாளம் காண்பது கஷ்டம். நான் விசைப்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அறுவை நாள் காலை அம்மாவைத் தள்ளுவண்டியில் படுக்க வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். பக்கத்தில் நடந்தேன். வராந்தா முனையில் திரும்பும்போது போர்வைக்குள் அவளுடைய கால் அழுந்துவதைப் பார்த்தேன். லிஃப்ட் வாசலில் மறுபடி. வேறு யார் ஓட்டினாலும் அம்மாவின் கால் இப்படித்தான், இல்லாத பிரேக்கை மிதிக்கும்.

"காலை விடும்மா."

"அவன் வளைவுல ஸ்பீடைக் குறைக்கவே இல்லைடி" என்றாள். கதவு மூடிக்கொண்டது.

சித்தி வெளியே நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். நான் கீழே என் அறைக்குப் போனேன். தியேட்டர் கேமராவில் தெரிவது எங்கள் சுவர்த் திரையிலும் ஓடும். மற்றவர்கள் பார்த்துக் கற்பதற்காக. அதை ஓடவிடுவதும் என் வேலைதான். விடுப்பு கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கதவைப் பார்ப்பதைவிட இது எனக்குத் தெரிந்த இடம்.

ஏழெட்டுப் பேர் வந்து நின்றார்கள். கமெண்டரி முன்வரிசையில். திரையில் பெயர் கிடையாது, முகம் கிடையாது. கேமரா உள்ளே நுழைந்தது. ஈரல் தெரிந்தது.

நான் கொடுத்த நிறத்தைவிட அழகாக இருந்தது.

"மருமகள் மைதானத்துல இறங்கியாச்சு" என்றார் கமெண்டரி. "இடது பக்கம் சீஃப். அம்பயரும் அவங்கதான், எதிரணியும் அவங்கதான்."

சீஃபின் இடுக்கி பித்தப்பையைத் தூக்கிப் பிடித்தது. மருமகளின் இடுக்கி ஒட்டியிருந்த கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தது. வீக்கம் இருந்த இடம் என்பதால் எல்லாம் ஒன்றோடொன்று பசை போட்டது போல் இருந்தது. நான் வரைந்ததில் இந்தப் பசை இல்லை. மருமகளின் இடுக்கியின் ஒவ்வொரு சின்ன அசைவும் எனக்குத் தெரிந்த அசைவு. முன்னால் போகும், நிற்கும், இடப்பக்கம் திருப்பிப் பார்க்கும், வலப்பக்கம் திருப்பிப் பார்க்கும். பிறகு போகும்.

கொழுப்பு விலகியது. அடியிலிருந்து கம்பளிப்பூச்சி முதுகைத் தூக்கியது. சிமுலேட்டரில் அதற்குத் துடிப்பை நான்தான் எண் போட்டுக் கொடுத்திருந்தேன். இங்கே அது தானாகத் துடித்தது.

கமெண்டரி வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை.

ஒலிபெருக்கியில் மருமகளின் குரல் கேட்டது. முகமூடிக்குள்ளிருந்து, சிறுபிள்ளைக் குரல் மாதிரி.

"அத்தை? நீங்களா?"

தியேட்டரில் யாரோ சிரித்தார்கள். சீஃபின் குரல்: "வேலையைப் பாரு."

"சரிங்க." ஒரு நொடி. பிறகு, தழைந்து, எனக்குப் பழக்கமான குரல். "அத்தை, கொஞ்சம் தள்ளுங்க."

வளைவை இடுக்கியின் பக்கவாட்டால் மெல்ல ஒதுக்கினார். அதன் முதுகிலிருந்து கிளம்பிய குட்டைக் குழாய் தெரிந்தது. அதன் பின்புறத்தைச் சுத்தம் செய்தார். கேமராவைத் திருப்பச் சொன்னார். இரண்டு பக்கமும் பார்த்தார். "ரெண்டே ரெண்டுதான் பைக்குள்ள போகுது டாக்டர். பெருசு வெளிய நிக்குது."

"உறுதியா?"

"உறுதிங்க."

கிளிப் வாயைத் திறந்துகொண்டு வந்தது. சீஃபின் இடுக்கி இருந்த இடத்திலேயே இருந்தது, அசையவே இல்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என் விரல் எப்போது ரீசெட் விசைமேல் போனதோ தெரியவில்லை. அந்தத் திரைக்கும் அந்த விசைக்கும் சம்பந்தமே இல்லை. எடுக்கவும் முடியவில்லை.

கிளிப் விழுந்தது. ஈரலின் நிறம் மாறவில்லை. இன்னொன்று. வெட்டு. வளைவு நிம்மதியாகத் துடித்துக்கொண்டிருந்தது.

அறையில் எல்லாரும் ஒன்றாகக் கை தட்டினார்கள். கமெண்டரி என் பக்கம் திரும்பினார். "ரீசெட், இது மாமியார் மாதிரியா, மாமியாரேவா? உங்களுக்குத் தெரியாம இருக்காது."

"சவுண்டு போதுமா, இன்னும் வைக்கட்டுமா?" என்றேன்.

மாலை வெயில் வார்டின் ஜன்னலில் இருந்தபோது அம்மா தெளிவாகப் பேசத் தொடங்கினாள். சித்தி வீட்டுக்குப் போயிருந்தாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவள் கேட்ட முதல் கேள்வி வலியைப் பற்றியோ கல்லைப் பற்றியோ இல்லை.

"பெரிய டாக்டர் பிரேக் போட்டாங்களா?"

"இல்ல."

"ஒரு தடவ கூட?"

"ஒரு தடவ கூட இல்லம்மா. நான் பாத்துட்டேதான் இருந்தேன்."

"அப்ப பாஸ்" என்றாள், கண்ணை மூடிக்கொண்டு. எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தை. இத்தனை கர்வமாகச் சொல்லி நான் கேட்டதில்லை. சற்று நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்தாள். "முழிப்பு வர்றப்ப ஒரு பொண்ணு காதுகிட்ட வந்து 'முடிஞ்சிருச்சு அத்தை'ன்னுச்சு. நமக்கு அப்படி யாருடி இருக்கா?"

நான் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தேன்.

அப்போது அவர்கள் வந்தார்கள். முன்னால் சீஃப், பின்னால் மருமகள், அவருக்குப் பின்னால் கமெண்டரி. கமெண்டரிதான் என்னை முதலில் பார்த்தார்.

"ரீசெட்! நீங்க இங்க என்ன பண்றீங்க?"

"ரீசெட்டா?" அம்மா என்னைப் பார்த்தாள். "இதான் உன் பேரா அங்க?"

மருமகள் போர்வையை விலக்கி நான்கு தையல்களையும் பார்த்தார். "வலி எப்படி இருக்கு?" என்று அவர் கேட்டதும் அம்மாவின் முகம் மாறியது.

"இந்தக் குரல்தான். நீதானேம்மா என்னை அத்தைன்னு கூப்பிட்டது?"

மருமகளுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "மன்னிச்சுக்கோங்க. அது பழக்கத்துல வந்துருச்சு. எங்க மெஷின்ல ஒரு கேஸ் இருக்கு. உள்ள அப்படியே உங்கள மாதிரியே. அதை நாங்க..." நிறுத்திவிட்டு சீஃபைப் பார்த்தார்.

"சொல்லு, என்னன்னு கூப்பிடுவோம்னு சொல்லு" என்று பின்னாலிருந்து கமெண்டரி முணுமுணுத்தார்.

"அந்த கேஸ் எனக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்துச்சு" என்றார் மருமகள், அவரைக் கவனிக்காமல். "அது யாருன்னு தெரிஞ்சா நேர்ல போய் ஒரு நன்றி சொல்லணும். அவ்வளவுதான்."

சீஃப் அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். அவள் தலை ஒரு முறை அசைந்தது. வழி இருக்கிறது, போகலாம் என்று கற்க வந்தவர்களுக்கு அவள் காட்டும் அசைவு. நான் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏன்டி நியூட்ரல்லயே நிக்கற?" என்றாள். "எடு வண்டிய."

எழுந்து நின்றேன். நான்கு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க மாமியார்னு கூப்பிடற அந்த ஒன்பதாம் நம்பர்," என்றேன், "எங்க அம்மா."